உட்காராத பதினோரு நாள்

கணவர் அவளுக்கு எதிரே கடைசியாக உட்கார்ந்து பதினோரு நாளும் பதினெட்டு மணி நேரமும் ஆகியிருந்தன. அவள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. சலவைக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் பன்னிரண்டில் சேர்ந்ததைப் பார்த்தபோது கணக்கு தானாக வந்து நின்றது.

இஸ்திரி மேசையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு கிடந்தது. மழை விட்டபாடில்லை. ஐந்து நாளாக ஒரு துணியும் ஒழுங்காகக் காயவில்லை. மிச்ச ஈரத்தைப் பெட்டியின் சூட்டால்தான் விரட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு விரிப்பும் முகத்தில் ஆவியை அடித்துவிட்டுத்தான் படிந்தது. பிளீச்சிங் நெடி கண்ணைக் கரித்தது.

"என்னடி, அந்த விரிப்பை இன்னும் எத்தனை தடவை தேய்ப்ப? ஓட்டை விழுந்தா நோயாளி கட்டிலுக்குக் கீழ போயிடுவான்" என்றாள் எதிர் மேசைப் பெரியக்கா.

"ஈரமா இருக்குக்கா."

"துணி ஈரமா, கண்ணு ஈரமா?"

அவள் விரிப்பைத் திருப்பிப் போட்டாள்.

"உனக்கென்னடி குறை? புருஷன் போட்டோ பேப்பர்ல வந்துடுச்சு. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே. போன வாரம் நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். டிவியில விளம்பரம் வந்தப்புறம், 'எழுந்திரிச்சிட்டியா'ன்னு கேக்குது. உன் ஆளு கேஸுக்குள்ள பூந்து ஒருத்தனைத் தூக்கிட்டு வந்திருக்காரு."

"ஆமாக்கா."

"என்ன ஆமாக்கா? சந்தோஷமா சொல்லுடி."

சந்தோஷமாகச் சொல்லத்தான் அவளும் பார்த்தாள். முதல் இரண்டு நாள் முடிந்தது. பிறகு முடியவில்லை.

அவர் ஐஸ் ஃபேக்டரியில் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருஷம். காலையில் ஷிப்ட் ஏறியதும் முதல் வேலையாக ஒரு சுற்று நடப்பார். கம்ப்ரஸர், அதன் குழாய்கள், ஐஸ் உறையும் உப்புத்தண்ணீர்த் தொட்டி, கடைசியில் பின்னால் இருக்கும் வால்வு அறை. கையில் எதுவும் இருக்காது. மூக்குதான் கருவி. அமோனியா துளி கசிந்தாலும் மூக்கு சொல்லிவிடும். சுற்றி வந்து அவர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் ஃபிட்டர் ஸ்பேனரைக் கையில் எடுப்பான். அவர் சரி என்றால் அலமாரியில் இருக்கும் மாஸ்க்கை யாரும் தேட மாட்டார்கள். எங்கும் எழுதி வைத்த விதியில்லை. அங்கே அப்படித்தான்.

அன்றைக்கு வால்வு அறைக்குள் போனவன் ஃபிட்டர். முப்பது வயதுக்கு முன்பே தலைமுடி கொட்டிப்போனதால் மிச்சத்தையும் மழித்துவிட்டு, 'மொட்டை' என்று எல்லோரும் கூப்பிடத் தானே சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பவன். பழைய வால்வைத் திருகியபோது வாய் பிய்த்துக்கொண்டு கேஸ் முகத்தில் அடித்தது. ஆபரேட்டர் ஈரச் சாக்கைத் தலையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் அவனை இழுத்துவந்தார். மொட்டையின் கண்ணும் தொண்டையும் வெந்துபோயின. 'ஃபிட்டர் மாஸ்க் போடாமல் உள்ளே நுழைந்தார்' என்று கம்பெனி எழுதி ஒட்டியது. எல்லோரும் அதையே சொன்னார்கள். நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன்.

அன்று சாயங்காலமும் அவர்கள் உட்கார்ந்தார்கள்.

அதைப் பிரார்த்தனை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. 'உட்கார்றது' என்பாள். கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒன்பது நாள் பேசாமல் இருந்து, பத்தாம் நாள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அழுகை வந்து ஆரம்பித்த வழக்கம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சமையலறையில் இரண்டு முக்காலியை எதிரெதிரே போட்டுக்கொள்வார்கள். படமோ புத்தகமோ கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு முதலில் சும்மா இருப்பார்கள். பிறகு ஒருவர், அன்றைக்கு மனசில் கிடப்பதை வாய்விட்டுக் கடவுளிடம் சொல்வார். இன்னொருவர் கேட்பார். அடுத்து அவர் முறை. நடுவில் பதில் பேசக் கூடாது. எழுந்த பிறகு அதை வைத்துக் குத்திக்காட்டவும் கூடாது. மகளுக்குக் கல்யாணம் முடித்து அனுப்பிய அன்றும், அவருடைய அம்மா இறந்த அன்றும்கூட உட்கார்ந்திருக்கிறார்கள். 'என் மேலேயே எனக்கு வெறுப்பா இருக்கு' என்று அவர் ஒருமுறை சொன்னதை வேறு எந்த இடத்திலும் அவள் கேட்டிருக்க முடியாது.

அன்று அவள்தான் முதலில் சொன்னாள். "அந்தப் பிள்ளைக்குக் கண்ணு தெரியணும். பேச்சு வரணும். தொண்டை ஆறி, வாய் திறந்து பேசணும்."

எதிரே முக்காலி உரசும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். அவர் எழுந்து பின்வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பயந்துபோயிருக்கிறார், இருக்கட்டும் என்று நினைத்தாள். மறுநாள் முக்காலியைப் போட்டுக் காத்திருந்தாள். "நீ உட்காரு, எனக்குத் தலை வலிக்குது" என்றார். அதற்கடுத்த நாள் தலைவலிகூட வரவில்லை. ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார், ஏழுக்கு வந்தார். அவள் ஒருத்தியே உட்கார்ந்தாள். எதிரே ஆளில்லாமல் சொன்ன வார்த்தை சுவரில் பட்டு அவள் மடியிலேயே விழுந்தது.

இரண்டு மணிக்கு வேலை விட்டது. பெரியக்கா கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். "முட்டை. அந்தப் பையன் பொண்டாட்டிக்குக் குடு. அவ சாப்பிடறதே இல்லையாம்."

"நாளைக்குத் தொண்டைக் குழாயை எடுக்கறாங்கக்கா. அதுக்கப்புறம் பேச்சு வருதான்னு பாப்பாங்களாம்."

"வரும்டி. வந்ததும் முதல்ல உன் வீட்டுக்காரருக்குத்தான் நன்றி சொல்லுவான் பாரு."

குவார்ட்டர்ஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை. பகலும் ராத்திரியும் கம்ப்ரஸர் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். நின்றால்தான் தெரியும். அவருக்குப் பதினைந்து நாள் லீவு கொடுத்திருந்தார்கள். சமையலறையில் முக்காலி போட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவளுடைய குடையின் உடைந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"நீ வரட்டும்னு இருந்தேன்."

"சோறு இருக்கு. பருப்பு வேக வைக்கிறேன், அரை மணி பொறுங்க."

பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, பின்பக்கக் கொடியில் நனைந்துகொண்டிருந்த துணிகளை எடுக்கப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி தாழ்வாரத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் மொட்டையைப் பற்றித்தான் பேச்சு. முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். பேச்சு நடுவில் அந்த வீட்டுக்காரியே மூக்கைச் சுளித்தாள். "யார் வீட்லயோ அடிப்பிடிக்குது."

அவள் ஓடினாள்.

சமையலறைக் கூரைக்குக் கீழே புகை தட்டையாக நின்றது. பருப்பு கருகி, பாத்திரத்தின் அடி சிவந்துகொண்டிருந்தது. நாலடி தள்ளி அவர் குனிந்து குடைக்கம்பியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க!"

நிமிர்ந்தார். திரும்பிப் பார்த்தார். புகையைக் கண்டதும் பதறி எழுந்தார்.

அவள் அடுப்பை அணைத்தாள். "கருகுது, தெரியலையா?"

"கவனிக்கலை."

"கவனிக்கறதுக்கு என்ன இருக்கு? தெருவே நாறுது!"

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்டி. விடு."

அவள் விட்டாள். பாத்திரத்தைத் தொட்டிக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். அது சீறியது. அவர் மறுபடி குடைக்குள் குனிந்துவிட்டார். அவள் தொட்டிக்கு அடியிலிருந்து பினாயில் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். சத்தமில்லாமல் வந்து, அவருடைய முகத்துக்குப் பக்கவாட்டில், ஒரு சாண் தூரத்தில் பிடித்தாள். அவளுக்கே தலை சுற்றியது.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

பிறகுதான் பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். குடை மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது.

"இதுதானா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இதையா பதினோரு நாளா மனசுல போட்டு வச்சிருந்தீங்க? கேஸ் மூக்கைக் கெடுத்துடுச்சா? டாக்டர்கிட்ட சொன்னா மருந்து குடுக்க மாட்டாரா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்."

அவர் கீழே விழுந்த குடையைப் பார்த்தபடி, "ஆமா. கேஸ்தான்" என்றார்.

அவள் தொட்டிக்குத் திரும்பிக் கருகலைச் சுரண்ட ஆரம்பித்தாள். மனசு லேசாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய் அங்கேயே காட்டிவிடலாம். மூக்குக்கென்று தனி டாக்டர் இருப்பார். வாசனை தெரியாத மனுஷன் என்ன ருசியைக் கண்டிருப்பார், பாவம். எப்போதிலிருந்து...

கை நின்றது.

ஒரு விளையாட்டு இருந்தது அவர்களுக்குள். வெளியே சொல்லக்கூடியது இல்லை. அவள் வேலை முடிந்து வந்து அடுப்படியில் நிற்கும்போது அவர் பின்னால் வந்து பிடரியில் மூக்கை வைப்பார். 'இன்னைக்கு ஆஸ்பத்திரித் துணி' என்பார். இல்லையென்றால், 'ஓட்டல் துணி. பூ சோப்பு' என்பார். தப்பியதே இல்லை. நாற்பத்தைந்து வயதில் இது என்ன என்று அவள் முழங்கையால் இடிப்பாள். இடித்துக்கொண்டே நிற்பாள். ஒருமுறை காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்த பிறகு அவர் ஒருநாள் தப்பாகச் சொன்னார். மறுநாளும் தப்பு. மூன்றாம் நாள் அவள் சிரித்தாள். அதற்கப்புறம் அவர் அடுப்படிப் பக்கமே வரவில்லை.

அது ஐந்து மாசத்துக்கு முன்னால். கேஸ் அடித்தது பதினோரு நாளைக்கு முன்னால்.

திரும்பாமலே கேட்டாள். "என் கழுத்தை மோந்து பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

பின்னால் அவர் குடையை எடுக்கும் சத்தம் கேட்டது.

"அந்தக் காய்ச்சல்லயிருந்துதானே?"



"ஆமா" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்தாள். இன்னொரு முக்காலி சுவரோரம் கிடந்தது. அதை இழுத்துப் போடவில்லை. நின்றாள்.

"அஞ்சு மாசமா மூக்கில்லாம ஃபேக்டரியைச் சுத்தி வந்து 'சரி' சொன்னீங்களா?"

"சத்தத்தை வச்சுப் பார்த்துக்கலாம்னு நினைச்சேன். குழாய்ல பனி படியறதை வச்சுப் பார்த்துக்கலாம். மூக்கு இன்னைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு இருந்தேன். சொன்னா வேலையை விட்டு எடுத்துடுவாங்க. இந்த வீடும் போயிடும். ஐஸைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

"அவங்ககிட்ட சொல்லாதது இருக்கட்டும். இங்க தினமும் உட்கார்ந்தீங்களே."

"உட்கார்ந்தேன்."

"உட்கார்ந்து என்ன சொன்னீங்க?"

அவர் யோசித்தார். "கம்ப்ரஸர் சத்தம் மாறியிருக்குன்னு சொன்னேன். செருப்பு வார் அறுந்ததைச் சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது வேறு. "நானும் ஒண்ணு சொல்லலை" என்றாள். "உங்களுக்கு என்னைச் சலிச்சுப்போச்சுன்னு நினைச்சேன். வயசாயிடுச்சு, உடம்பெல்லாம் பிளீச்சிங் நெடி, யாருக்குத்தான் பிடிக்கும்னு நினைச்சேன். அதை முழுங்கிட்டுத்தான் அஞ்சு மாசமா எதிர்ல உட்கார்ந்து, மகளுக்கு நல்லது நடக்கணும், ஊர்ல மழை பெய்யணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்."

"ஐயோ, அப்படி இல்லடி."

"இப்பதான் தெரியுது. இத்தனை நாளா நம்ம ரெண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கிட்டிருந்த சாமி என்ன நினைச்சிருக்கும்? நல்ல ஜோடிதான்னு சிரிச்சிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. மழை தகரத்தில் வலுத்தது.

"அன்னைக்கு வால்வு அறையில..." என்று ஆரம்பித்தாள்.

"அதைக் கேக்காத."

சொன்ன விதம் அவளை நிறுத்தியது. இருபத்து நாலு வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. கேட்காமலே நின்றபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. பேச்சு வரணும் என்று அவள் வேண்டிய அந்த நொடியில்தான் முக்காலி உரசியது. கண் தெரியணும் என்றபோது இல்லை. பேச்சு வரணும் என்றபோது.

ஒரே கடவுளுக்கு முன்னால், ஒரே அறையில், ஒருத்தி ஒன்றைக் கேட்டிருக்கிறாள். எதிரே இருந்தவர் அது நடக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்.

"நாளைக்குக் குழாயை எடுக்கறாங்க" என்றாள்.

"தெரியும்."

"சட்டையை மாத்துங்க. நாலு மணிக்கு உள்ள விடுவாங்க."

"நான் வரலை."

"வாங்க."

"வந்து என்ன சொல்லச் சொல்ற?"

"எனக்குத் தெரியாது. இங்க வச்சு எனக்குச் சொல்லவும் வேண்டாம். என்கிட்ட மட்டும் சொல்லிட்டா அதோட ஆறிப்போயிடுவீங்க. நானும் உங்களுக்காகப் பாவப்பட்டு மூடி வச்சுடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அங்க சொல்லுங்க. அங்கேயே நானும் கேட்டுக்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவனுக்குக் குரல் வந்தப்புறம் நீங்க சொன்னா, அது சொன்னதாகாதுங்க."

அவர் எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். அவள் தேய்த்து வைத்த சட்டை. பொத்தானைப் போடக் கை வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், போட்டுவிடவில்லை.

கட்டிய குடையில் இரண்டு பேரும் நடந்தார்கள். ஒரு கம்பி மட்டும் கொஞ்சம் தொங்கியது. அவர் குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்தார். அவருடைய இடது தோள் முழுக்க நனைந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவள் குடையைத் தள்ளிவிட்டிருப்பாள்.

ரோட்டில் ஐஸ் ஏற்றிய வண்டி ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டே கடந்தது. ஓட்டியவன் ஹாரன் அடித்துக் கையைத் தூக்கினான். "ஆபரேட்டரே! எப்படி இருக்கீங்க?" என்று கத்தினான். அவர் கையைத் தூக்கவில்லை.

ஆஸ்பத்திரி கேட் தெரிந்ததும் கேட்டார். "நான் சொன்னப்புறம், நீ என் எதிர்ல உட்காருவியா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். உட்காருவேன் என்று சொன்னால் அவருக்குப் படியேறச் சுலபமாக இருக்கும்.

"தெரியலைங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். குடையை மடக்கித் தண்ணீரை உதறினார். இரண்டாவது மாடிவரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறினார்.

வார்டின் கடைசிக் கட்டிலில் மொட்டை படுத்திருந்தான். இரண்டு கண்ணிலும் கட்டு. தொண்டையில் குழாய். மழிக்காமல் விட்ட தலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக முடி முளைத்திருந்தது. அவன் மேல் கிடந்த விரிப்பின் மடிப்பைப் பார்த்ததும் அது தன் கை மடிப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. அவனுடைய மனைவி கட்டிலை ஒட்டி உட்காரவில்லை. ஸ்டூலை ஜன்னலோரம் தள்ளிப் போட்டு, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. வாங்கண்ணே" என்று எழுந்தாள். "இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா? டாக்டர்கூட உங்களைத்தான் கேட்டாரு. இழுத்துட்டு வந்தது யாருன்னு."

அவரைப் பற்றிய பேச்சு காதில் விழுந்ததும் கட்டிலில் மொட்டையின் விரல்கள் கம்பியை இரண்டு முறை தட்டின.

அவள் முட்டைப் பொட்டலத்தை நீட்டினாள். "நீ சாப்பிடறதில்லையாமே. உடம்பு என்னத்துக்காகும்?"

"இறங்கலைக்கா." பொட்டலத்தை வாங்கி ஜன்னலில் வைத்தாள். "புள்ளைங்க, 'அப்பா எப்ப வருவாரு'ன்னு கேக்குதுங்க. நான் என்ன சொல்றது? உங்கப்பாவே போய் விழுந்துட்டு வந்தாருன்னு சொல்லவா?"

"அப்படிச் சொல்லாதம்மா. அவனுக்குக் காது கேக்கும்."

"கேக்கட்டும்க்கா. கேக்கணும்னுதான் சொல்றேன்." குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். "பன்னண்டு வருஷம் அந்தக் கேஸோட பொழைச்ச ஆளு. வீட்ல நான் ஊதுபத்தி ஏத்தினாலே, எந்த பாக்கெட்னு சொல்லுவாரு. அந்த வாடை அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் மாஸ்க்கை எடுக்க நாலடி நடக்கலை. அந்த நாலடி நடக்கறதுக்குக்கூட நானும் என் புள்ளைங்களும் ஞாபகத்துக்கு வரலையே. அதான் என்னால தாங்க முடியலை. கண்ணு போனதைக்கூட நான் பார்த்துக்குவேன். இதை மறக்க மாட்டேன்க்கா. ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

கட்டிலில் விரல்கள் மறுபடி தட்டின. வேகமாக, விடாமல். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

"பாருங்க, கோபம் வருது" என்றாள் அவன் மனைவி. கட்டில் பக்கம் போகவில்லை.

இவள் தன் கணவரைப் பார்த்தாள். அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, தட்டிக்கொண்டிருந்த அந்த விரல்களையே பார்த்தார். நனைந்த தோளிலிருந்து தண்ணீர் கைவழியாக இறங்கி விரிப்பில் சொட்டியது. பிறகு நகர்ந்து கட்டிலைச் சுற்றி வந்தார். அந்த விரல்களின் மேல் தன் கையை வைத்தார். தட்டுவது நின்றது.

"அம்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். "அவன் உன்னை மறக்கலை."

"நீங்க அவருக்காகப் பேசாதீங்கண்ணே."

"அவனுக்காகப் பேசலை." தன் மனைவி நிற்கும் பக்கம் ஒருமுறை திரும்பினார். அவள் பார்வையை எடுக்கவில்லை. "வால்வு அறை வாசல்ல நின்னு அவன் கேட்டான். 'அண்ணே, லேசா வாடை வருது, மாஸ்க் எடுத்துட்டு வரட்டுமா'ன்னு கேட்டான்மா. எனக்கு வாடை தெரியாது. அஞ்சு மாசமா எந்த வாடையும் தெரியாது. அதை வெளியே சொல்ல முடியாம, 'வாடையும் இல்ல ஒண்ணும் இல்ல, நான் பார்த்துட்டேன், போடா'ன்னு நான்தான் அவனை உள்ள அனுப்பினேன்."